லேபிளும் சாவியும்

தமிழ்நாட்டில் ‘நர்சிங் ஹோம்’ என்றால் டாக்டர் ஒருவர் நடத்தும் பத்துப் பதினைந்து படுக்கைகள் கொண்ட சின்ன ஆஸ்பத்திரி. பிரசவத்துக்குப் போவோம், குடல்வால் ஆபரேஷனுக்குப் போவோம், நாலு நாளில் வீடு திரும்பிவிடுவோம். அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே வேறு. தானாக எழுந்து குளிக்கவோ நடக்கவோ முடியாதவர்கள், பெரும்பாலும் வயதானவர்கள், மாதக்கணக்கிலும் வருஷக்கணக்கிலும் தங்கியிருக்கும் இடம் அது. பலர் அங்கேதான் கண்ணை மூடுகிறார்கள். நியூ ஜெர்சியில் இப்படிப்பட்ட சில இல்லங்களுக்கு மாதம் ஒருமுறை போய்வருவது என் வேலை. நான் மருந்தாளுநர், ஆனால் மருந்து விற்பதில்லை. மருந்து அறையைத் திறந்து பார்ப்பேன். மருந்து வண்டியின் ஒவ்வொரு இழுப்பறையையும் இழுத்துப் பார்ப்பேன். குளிர்பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானியைப் பார்ப்பேன். அப்புறம் உட்கார்ந்து, அங்கே இருக்கும் ஒவ்வொருவருடைய மருந்துப் பட்டியலையும் படிப்பேன்.

ஊருக்குப் போகும்போது சொந்தக்காரர்கள் கேட்பார்கள். “மருந்த பீரோல வச்சுப் பூட்டுனா முடிஞ்சுது. அதை வந்து பாக்கறதுக்கு ஒரு ஆளு, அந்த ஆளுக்குச் சம்பளமா?”

நியாயமான கேள்விதான். ஆனால் பதில் சொல்ல நூற்றைம்பது வருஷத்துக் கதையைச் சொல்லவேண்டும். பந்தியில் உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடிய கதை இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஒரு சரக்கறை, ஒரு பீப்பாய்

1858 அக்டோபர் கடைசி. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் நகரச் சந்தையில் வில்லியம் ஹார்டேக்கர் என்பவர் பெப்பர்மின்ட் மிட்டாய் விற்றுக்கொண்டிருந்தார். ஊரார் அவருக்கு வைத்த பெயர் ‘ஹம்பக் பில்லி’. அவருக்கு மிட்டாய் செய்து கொடுத்தவர் ஜோசப் நீல். சர்க்கரை விலை அதிகமாக இருந்த காலம். அதனால் சர்க்கரையோடு ‘டாஃப்ட்’ என்ற மலிவான வெள்ளைப் பொடியைக் கலப்பது வழக்கம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாதிரியான சரக்கு. பக்கத்து ஊரான ஷிப்லியில் சார்லஸ் ஹாட்ஜ்சன் என்ற மருந்துக்கடைக்காரரிடம் அது கிடைக்கும். நீல் ஆள் அனுப்பினார். ஹாட்ஜ்சன் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தார். கடையைப் பார்த்துக்கொண்ட உதவியாளர் சரக்கறைக்குப் போய், மூலையில் இருந்த பீப்பாயிலிருந்து பன்னிரண்டு பவுண்டு வெள்ளைப் பொடியை அள்ளிக் கொடுத்தார்.

அது டாஃப்ட் இல்லை. ஆர்சனிக். நம் வழக்கில் சொன்னால் வெள்ளைப் பாஷாணம். சுமார் இருபது பேர் இறந்தார்கள், அவர்களில் குழந்தைகளும் உண்டு. இருநூறு பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள்.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. ஆர்சனிக் விற்பனைக்கு 1851லேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. வாங்குபவரின் பெயரைப் பதிவேட்டில் எழுதவேண்டும், சில்லறையில் விற்கும் ஆர்சனிக்கில் கரியோ நீலமோ கலந்து நிறம் மாற்றவேண்டும் என்றெல்லாம் விதி இருந்தது. ஆனால் கடைக்காரரின் சரக்கறையில் விஷமும் கலப்படப் பொடியும் எப்படி இருக்கவேண்டும், பீப்பாயின் மேல் கண்ணில் படும்படி என்ன எழுதியிருக்கவேண்டும் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. யார் வாங்குகிறார் என்பதில்தான் அதன் கவனம் முழுக்க இருந்தது. விஷம் வைப்பவனைத் தேடிய சட்டத்தின் கண்ணுக்கு அவசரத்தில் தப்பான பீப்பாயைத் திறக்கும் சாதாரண ஆள் தெரியவில்லை. வழக்கு நடந்தது, யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை.

பத்து வருஷம் கழித்து, 1868ல் வந்த பார்மசி சட்டம் விஷப்பொருள் விற்கும்போது பொட்டலத்தின் மேல் மூன்று விஷயம் இருக்கவேண்டும் என்றது. பொருளின் பெயர், ‘விஷம்’ என்ற சொல், விற்றவரின் பெயரும் முகவரியும். அந்தக் காலத்து விஷ பாட்டில்களை இன்றும் பழம்பொருள் சேர்ப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள். கருநீலம் அல்லது பச்சைக் கண்ணாடி, பட்டை பட்டையாக விளிம்பு, மேலே வரிவரியாகப் புடைப்பு. ராத்திரி மெழுகுவத்தி அணைந்த பிறகு இருமல் மருந்துக்குக் கை நீட்டினால், எழுத்து தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியவேண்டும். லேபிள் என்பது காகிதம்தான் என்று நினைப்பவர்கள் அந்தப் பாட்டிலை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்கலாம்.

பெயர் சொல்லாத பாட்டில்

அமெரிக்காவில் இந்தக் கதை 1906லிருந்து தொடங்குகிறது. அந்த வருஷத்துச் சட்டம், சாராயம், மார்பின், அபினி, கோகெய்ன், ஹெராயின் போன்றவை மருந்தில் இருந்தால் எவ்வளவு இருக்கிறது என்று லேபிளில் போடச் சொன்னது. குழந்தையைத் தூங்கவைக்கும் சிரப்பில் மார்பின் இருக்கிறது என்பது பல தாய்மார்களுக்கு அப்போதுதான் தெரியவந்தது.

ஆனால் பாட்டிலுக்குள் இருப்பது ஆளைக் கொல்லுமா என்று சோதித்துவிட்டு விற்கவேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. 1937ல் டென்னசி மாநிலத்து மாசெங்கில் நிறுவனம் சல்ஃபனிலமைடு மருந்தை டைஎத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தில் கரைத்து, ராஸ்பெர்ரி வாசனை சேர்த்து விற்றது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மருந்துத்துறை அதிகாரிகள் ஊர் ஊராகத் தேடி அந்தப் பாட்டில்களைப் பிடுங்கி வந்தார்கள். அதற்கு அவர்கள் கையில் இருந்த சட்டக் காரணம் என்ன தெரியுமா? லேபிளில் ‘எலிக்சிர்’ என்று போட்டிருந்தது. எலிக்சிர் என்றால் சாராயம் இருக்கவேண்டும், இதில் இல்லை. நூறு உயிர் போன மருந்தை ஒரு தப்பான சொல்லைக் காட்டித்தான் பறிமுதல் செய்ய முடிந்தது. அடுத்த வருஷமே புதிய சட்டம் வந்தது.

இதற்கப்புறமும் ஒரு விசித்திரம் தொடர்ந்தது. கடையில் நேரடியாக வாங்கும் மருந்தின் மேல் எல்லாம் எழுதியிருக்கும். ஆனால் டாக்டர் எழுதிக்கொடுத்து வாங்கும் மருந்தின் பாட்டிலில் 1960கள் வரை பெரும்பாலும் மருந்தின் பெயரே இருக்காது. நோயாளியின் பெயர், டாக்டரின் பெயர், ஒரு எண், ‘தினம் மூன்று வேளை ஒரு மாத்திரை’, அவ்வளவுதான். என்ன மருந்து என்று நோயாளிக்குச் சொல்வது டாக்டரின் உரிமை, மருந்தாளுநர் வாய் திறக்கக்கூடாது என்பது எங்கள் தொழிலின் மரியாதையாகவே கருதப்பட்டது. டாக்டர் லத்தீன் சுருக்கெழுத்தில் எழுதுவார், கடைக்காரர் படிப்பார், விழுங்குகிறவருக்கு மட்டும் தெரியாது. மயக்கமாகக் கிடக்கும் ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, கையில் இருக்கும் பாட்டில் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அவசர சிகிச்சை டாக்டர் என்ன செய்வார்? பெயர் எழுதும் வழக்கம் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாய் வரைக்கும் லேபிள்

இந்தச் சமயத்தில்தான் முதியோர் இல்லங்கள் பெருகின. 1935ல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் வறிய முதியவர்களுக்கு உதவித்தொகை தந்தது. ஆனால் அரசாங்கத்தின் ஏழைகள் விடுதியில் இருப்பவர்களுக்குக் கிடையாது என்றது. அந்த விடுதிகளை ஒழிக்கவேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். விளைவு, தனியார் வீடுகள் ‘இல்லங்கள்’ ஆயின. அறைகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒரு நர்ஸை வைத்துக்கொண்டு நர்சிங் ஹோம் நடத்தினார்கள். 1965ல் மெடிகேர், மெடிக்கெய்ட் வந்ததும் அரசாங்கப் பணம் கொட்டியது, தொழில் பெரிதாயிற்று.

ஒரு வீட்டில் இரண்டு பேர் மருந்து சாப்பிட்டாலே குழப்பம் வரும். டெபோரா ஆட்லர் என்ற வடிவமைப்பாளரின் பாட்டி ஹெலன், தவறுதலாகத் தாத்தா ஹெர்மனின் மாத்திரையை விழுங்கிவிட்டார். பேத்தி யோசித்து வடிவமைத்த தட்டையான பாட்டிலை, ஒவ்வொருவருக்கும் ஒரு நிற வளையம் போட்டு, டார்கெட் கடைகள் 2005ல் கொண்டுவந்தன. இரண்டு பேர் வீட்டில் இப்படி என்றால், நூறு பேர் படுத்திருக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். ஆளுக்குப் பத்து மருந்து. ஒரே குடும்பப்பெயர் உள்ளவர்கள் அடுத்தடுத்த அறையில். உங்கள் பெயர் என்ன என்று கேட்டால் செத்துப்போன தங்கையின் பெயரைச் சொல்கிறவர்கள்.

பழைய இல்லங்களில் வேலை எப்படி நடந்தது என்று வயதான நர்ஸ்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். காலையிலேயே எல்லாருடைய மாத்திரைகளையும் சின்னச் சின்னக் காகிதக் கோப்பைகளில் போட்டுத் தட்டில் அடுக்கிவிடுவார்கள். பாட்டிலில் லேபிள் இருக்கும், கோப்பையில் இருக்காது. தட்டு ஒருமுறை சாய்ந்தால் போச்சு. மருந்தைக் கோப்பையில் போட்டவர் ஒருவர், கொடுப்பவர் வேறொருவர். அந்தச் சரக்கறையிலிருந்து நூறு வருஷம் தள்ளி வந்தும் அதே பெயரில்லாத வெள்ளைப் பொடிதான்.

யூட்டா மாநிலத்து செனட்டர் ஃபிராங்க் மாஸ் தலைமையிலான குழு பல வருஷம் விசாரணை நடத்தியது. அக்குழு 1975 ஜனவரியில் இல்லங்களின் மருந்துகள் பற்றி வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலேயே மூன்று குற்றச்சாட்டு இருந்தது: தவறான பயன்பாடு, அதிக விலை, கமிஷன். இல்லத்துக்கு மருந்து சப்ளை செய்ய மருந்துக்கடைகள் இல்லக்காரருக்குப் பங்கு கொடுக்கவேண்டியிருந்தது. மாதம் ஒருமுறை ஒரு மருந்தாளுநர் ஒவ்வொருவரின் மருந்துகளையும் பார்க்கவேண்டும் என்ற மத்திய அரசின் விதி வந்ததும் அந்த நாட்களில்தான், 1974ல். என் வேலைக்கு அதுதான் பிறந்த நாள்.

அதோடு பொட்டலமும் மாறியது. ஆஸ்பத்திரிகளில் 1960களில் சோதித்துப் பார்த்த முறை இது. ஒரு வேளை மருந்து, ஒரு தனிப் பொதி, அந்தப் பொதியின் மேலேயே மருந்தின் பெயரும் அளவும். நோயாளியின் பக்கத்தில் நின்று, பட்டியலோடு ஒத்துப்பார்த்த பிறகுதான் பிரிக்கவேண்டும். இல்லங்களில் அதன் வடிவம் முப்பது குமிழ் உள்ள அட்டை. நர்ஸ்கள் அதை ‘பிங்கோ கார்டு’ என்பார்கள். முன்கூட்டியே கோப்பையில் போட்டு வைப்பதை எங்கே பார்த்தாலும் இன்றும் நான் எழுதி வைக்கிறேன். மருந்துக்கும் வாய்க்கும் நடுவில் லேபிள் காணாமல் போகும் இடம் அதுதான்.

சாவி யாரிடம்

இன்றைய மத்திய விதியின் சாரம் இதுதான். மருந்துகள் எல்லாம் பூட்டிய பெட்டியில், சரியான வெப்பநிலையில் இருக்கவேண்டும். சாவி அதிகாரம் உள்ளவர்களிடம் மட்டும். மார்பின், ஆக்ஸிகோடோன் மாதிரியான இரண்டாம் அட்டவணை மருந்துகளுக்கு, பெயர்த்து எடுத்துப்போக முடியாதபடி பொருத்திய தனிப் பெட்டியும் தனிப் பூட்டும். வேலை நேரம் மாறும்போது போகிற நர்ஸும் வருகிற நர்ஸும் சேர்ந்து ஒவ்வொரு மாத்திரையாக எண்ணிக் கையெழுத்துப் போடவேண்டும் என்பது எல்லா இல்லங்களிலும் உள்ள நடைமுறை. (ஒரு வேடிக்கை: 1970ல் வந்த போதைமருந்துச் சட்டத்தை இந்த விதி 1976ம் வருஷத்துச் சட்டம் என்றே குறிப்பிடுகிறது. லேபிள் விதிக்கே லேபிள் தப்பு.)

இந்த இரட்டைப் பூட்டு எதற்கு என்று எனக்குப் புரியவைத்த ஒரு அட்டை உண்டு. எந்த இல்லம் என்பது வேண்டாம். முன்பக்கம் பார்த்தால் எண்ணிக்கை சரி. குமிழ்கள் முழுசாக இருந்தன. திருப்பிப் பார்த்தபோது மூன்று குமிழ்களின் பின்னால் மெல்லிய டேப். பிரித்து, வலி மாத்திரையை எடுத்துவிட்டு, அதே மாதிரி வெள்ளையாக இருக்கும் வேறு மாத்திரையை வைத்து ஒட்டியிருந்தார்கள். அந்த மருந்துக்கு உரிய பெண்மணிக்கு இடுப்பெலும்பு முறிவு, கூடவே மறதிநோய். இரண்டு நாளாக முனகிக்கொண்டிருந்தார் என்று குறிப்பேட்டில் இருந்தது. “அவங்க எப்பவுமே அப்படித்தான்” என்றார் அங்கே இருந்த ஒருவர்.

திருட்டு என்றால் பொருளின் விலையைச் சொல்வோம். அங்கே திருடப்பட்ட மாத்திரையின் விலை சில காசுகள்தான். போனது அந்த அம்மாவின் இரண்டு ராத்திரித் தூக்கம். தனக்கு வலிக்கிறது, கொடுத்த மருந்து கேட்கவில்லை என்று சொல்லத் தெரிந்தவர்களிடம் யாரும் திருட மாட்டார்கள். சொல்லத் தெரியாதவர்களுக்காக அட்டையின் பின்பக்கத்தை யாராவது ஒருவர் திருப்பிப் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

தேதிகள்

மருந்தில் காலாவதி தேதி போடவேண்டும் என்பது அமெரிக்காவில் 1979லிருந்துதான் கட்டாயம். ஆனால் அந்தத் தேதி திறக்காத மருந்துக்கு. திறந்துவிட்டால் கணக்கு வேறு. இன்சுலின் குப்பிகளில் பெரும்பாலானவை திறந்த 28 நாளில் தூக்கிப் போடவேண்டியவை. காசநோய்ச் சோதனைக்குப் போடும் ஊசி மருந்துக்கு 30 நாள். கண் அழுத்தத்துக்கான லாட்டனோபிராஸ்ட் சொட்டுமருந்து திறந்தபின் வெளியில் ஆறு வாரம். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரையை அதன் கண்ணாடிக் குப்பியை விட்டு மாற்றவே கூடாது, வீரியம் போய்விடும். குளிர்பெட்டி 36 முதல் 46 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் இருக்கவேண்டும். இன்சுலின் உறைந்துபோனால் மறுபடி உருகினாலும் பயனில்லை, பார்வைக்கு மட்டும் பழையபடியே இருக்கலாம்.

அதனால் திறந்த தேதியைக் குப்பியின் மேல் பேனாவால் எழுதச் சொல்கிறோம். இரண்டு விநாடி வேலை. முப்பது பேரைக் கவனிக்கும் நர்ஸுக்கு அந்த இரண்டு விநாடி சில சமயம் கிடைப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். நம்ம ஊரில் பட்டையை வெட்டி நாலு மாத்திரை வாங்கும்போது தேதி அச்சிட்ட துண்டு கடைக்காரரிடமே தங்கிவிடுகிறது, இல்லையா? அதே கதை, வேறு உருவம்.

எல்லாம் சரியாக இருந்தபோது

இதுவரை சொன்ன எல்லாமே சரியாக இருக்கும் ஒரு இல்லத்தைக் கற்பனை செய்யுங்கள். பூட்டு இருக்கிறது, லேபிள் இருக்கிறது, தேதி இருக்கிறது, சரியான மருந்து சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் போகிறது. கூடத்தில் பத்துப் பேர் சக்கர நாற்காலியில் தலை தொங்க உட்கார்ந்திருக்கிறார்கள். கூச்சல் இல்லை, அலைச்சல் இல்லை. பார்க்க வருகிறவர்கள் “என்ன அமைதி!” என்று மெச்சுகிறார்கள்.

1970கள், 80களில் பல இல்லங்களில் இருந்த அமைதி இப்படிப்பட்டது. மனச்சிதைவு நோய்க்கான ஹாலோபெரிடால், தியோரிடசின் மாதிரியான மருந்துகளை, இரவில் எழுந்து நடக்கிற, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிற முதியவர்களுக்குக் கொடுத்தார்கள். கயிற்றால் கட்டாமல் மாத்திரையால் கட்டுவது. 1986ல் அமெரிக்க மருத்துவக் கழகம் இல்லங்களின் தரம் பற்றிய பெரிய அறிக்கையைக் கொடுத்தது. 1987 டிசம்பரில் அது சட்டமாயிற்று. ஊழியர்களின் வசதிக்காக யாரையும் மருந்தால் அடக்கிவைக்கக் கூடாது, தேவையில்லாத மருந்து கூடாது, ஒவ்வொரு மருந்துக்கும் காரணம் பதிவாகியிருக்கவேண்டும் என்றது. மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு இவ்வகை மருந்துகள் சாவு ஆபத்தைக் கூட்டுகின்றன என்ற கறுப்புக்கட்டம் போட்ட எச்சரிக்கை, புதிய வகை மருந்துகளுக்கு 2005லும் பழையவற்றுக்கு 2008லும் வந்தது.

1868ல் லேபிள் ‘இது என்ன?’ என்பதற்குப் பதில் சொல்லக் கற்றுக்கொண்டது. பிறகு ‘யாருக்கு?’, ‘எதுவரை?’ இரண்டுக்கும். ‘எதற்கு?’ என்ற கேள்விக்கு வந்து சேர நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. நான்கில் பூட்டிப் பாதுகாக்க முடியாத கேள்வி அது ஒன்றுதான். யாராவது உட்கார்ந்து படித்து, டாக்டரிடம் எழுதிக் கேட்கவேண்டும். சொந்தக்காரர்கள் கேட்கிற சம்பளம் முக்கியமாக இந்தக் கேள்விக்குத்தான்.

தைலம்

பூட்டினால் ஒரு நஷ்டமும் உண்டு. ஐம்பது வருஷம் தன் மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டவர், வாசலைத் தாண்டி உள்ளே வந்த நிமிஷத்திலிருந்து ஒரு ஆன்டாசிடுக்குக்கூட நர்ஸ் வரும்வரை காத்திருக்கவேண்டும்.

என் இல்லங்களில் ஒன்றில் ஒரு தமிழ்ப் பாட்டி இருந்தார். தலையணைக்கடியில் சின்ன மஞ்சள் தைல டப்பா. மருமகள் சென்னையிலிருந்து கொண்டுவந்தது. நர்ஸ் எடுத்துவிட்டார், விதிப்படி சரிதான். டாக்டர் உத்தரவில்லாத மருந்து படுக்கையோரம் இருக்கக்கூடாது. மறதிநோய் உள்ள பக்கத்துப் படுக்கைக்காரர் எடுத்துத் தின்றுவிட்டால்? பாட்டி இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

அதே விதித் தொகுப்பில் இன்னொரு விதியும் இருக்கிறது. டாக்டர், நர்ஸ் முதலானோர் அடங்கிய குழு பரிசீலித்து, பாதுகாப்பானது என்று முடிவு செய்தால், தன் மருந்தைத் தானே வைத்து எடுத்துக்கொள்வது அங்கே வசிப்பவரின் உரிமை. அதிகம் பேர் கேட்டு வாங்காத உரிமை. குழு உட்கார்ந்தது. நான் தமிழில் கேட்டுச் சொன்னேன்.

“பாட்டி, இது என்ன?”

“தைலம். தெரியலையா உனக்கு?”

“எதுக்கு?”

“தலவலிக்கு. கண்ணுல படக்கூடாது, வாய்ல போடக்கூடாது. நான் என்ன குழந்தையா?”

“யாருக்கு?”

“எனக்குத்தான். அவ கேட்டாலும் குடுக்கமாட்டேன்,” என்று பக்கத்துப் படுக்கையைக் காட்டினார்.

“எத்தனை நாளைக்கு?”

“தீர்ற வரைக்கும்.”

டாக்டர் உத்தரவு எழுதினார். டப்பாவின் மேல் பாட்டியின் பெயரும் திறந்த தேதியும் கொண்ட லேபிள் ஒட்டினோம். படுக்கையோர மேஜையில் பூட்டுள்ள ஒரு சின்ன இழுப்பறை. அதன் சாவியைப் பாட்டி புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டார். மற்றொரு சாவி நர்ஸிடம். அடுத்த மாதம் போனபோது இழுப்பறையைத் திறந்து காட்டச் சொன்னேன். முடிச்சை அவிழ்த்து, திறந்து, டப்பாவை என் கையில் தராமல், தூரத்திலேயே தூக்கிக் காட்டிவிட்டு மறுபடி பூட்டினார். தேதி தெரிந்தது. எழுதிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனேன்.